முட்டை ஓட்டு மெத்தை

ஹட் பே
8 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். மெத்தை ஃபோமில் சேர்க்கும் சுண்ணாம்புத் தூள் இந்தத் தீவுக்குக் கப்பலில் வருவதற்குள் நனைந்து கட்டியாகிவிடுகிறதே, அதற்குப் பதிலாகத்தானே இந்த முட்டை ஓடு! ஓட்டல் ஓட்டலாகப் பொறுக்கி வந்து, வேகவைத்துச் சவ்வை உரித்தேன். மழை விடவில்லை. பக்கத்து வீட்டில் கொப்பரைத் தேங்காய் உலர்த்தும் பரணில் பரப்பிக் காயவைத்து, மில்லில் அரைத்தேன். கலவையில் போட்டால் ஃபோம் ஜம்மென்று பொங்கி எழுகிறது. கண் மூடித் திறப்பதற்குள் தோசை மாதிரி படுத்துவிடுகிறது. ஒரே பரேஷான், தொல்லை. பஜாரில் எனக்கு ‘அண்டாவாலி’ என்று பெயர். முட்டைக்காரியாம்.

வண்டூர் சுற்றுலாப் படகுக்காரர்கள் சீட்டுக்கு மெத்தை கேட்கிறார்கள். சீசனுக்குள் நல்ல துண்டு காட்டாவிட்டால் இந்த ஃபோம் ஷெட்டை மூடிவிட்டுக் கோயம்புத்தூர் வந்துவிடுவதாக உங்களிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்தேனே! எங்கே தப்பு என்று உடனே எழுதுங்கள்.

உங்கள் மனைவி,
மங்கை

கோயம்புத்தூர்
26 ஜூலை 2024

அன்புள்ள மங்கைக்கு,

தூள் கரடுமுரடாக இருக்கும். இன்னும் மெல்லிய துணியில் சலி. வேகமாகக் கலக்கு. எங்கள் ஃபோம் கம்பெனியில் இதெல்லாம் மிஷின் செய்கிற வேலை. அந்த ஊர் ஈரத்தில் ஃபோம் நிற்பது கஷ்டம்தான், அதற்கு நீ என்ன செய்வாய்? இங்கே நல்ல வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சுரேந்திரன்

ஹட் பே
19 ஆகஸ்ட் 2024

அத்தானுக்கு,

உங்கள் வேட்டியைக் கிழித்துச் சலித்தேன். கை வீங்கும்வரை கலக்கினேன். ஒரு டிரம் கெமிக்கல் பாழ். ஆத்திரத்தில் அந்தப் படுத்துப்போன ஃபோம் துண்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். அப்போதுதான் கையை மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாடை.

பரண் பலகையெல்லாம் கொப்பரை எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. அது தூளில் ஏறியிருக்கிறது. புது அலுமினியச் சட்டியில் கொஞ்சம் தூளை எண்ணெய் வாடை போகும்வரை வறுத்துக் கலந்தேன். எழுந்தது, அத்தான். எழுந்து அப்படியே நின்றது. உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்தபின் ஒன்று ஞாபகம் வந்தது. உங்கள் கம்பெனியில் எண்ணெய்க் கையோடு கலவை அறைக்குள் போன ஆளைச் சூப்பர்வைசர் வெளியே துரத்தினார், எண்ணெய் பட்டால் ஃபோம் உட்கார்ந்துவிடும் என்று நீங்கள்தானே சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்? கொப்பரைப் பரணில் காயவைத்ததை நான் எழுதியிருந்தேன். என் கடிதத்தை முழுசாகப் படிக்கவில்லையா, படித்தும் சும்மா இருந்தீர்களா? மழுப்பாமல் எழுதுங்கள்.

மங்கை

கோயம்புத்தூர்
3 செப்டம்பர் 2024

மங்கைக்கு,

படித்தேன்.

கொப்பரைப் பரண் என்று பார்த்ததுமே எண்ணெய்தான் என்று தெரிந்துவிட்டது. எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னும் ஒரு தடவை தோற்றால் நீ வந்துவிடுவாய் என்று தோன்றியது. சலிக்கச் சொல்லி எழுதிவிட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. வேலை விட்டு வந்தால் பேச ஆளில்லை. சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை. இங்கே தனியாக இருக்க முடியவில்லை, மங்கை. கோபப்படாதே.

சுரேந்திரன்

ஹட் பே
20 செப்டம்பர் 2024

சுரேந்திரன் அவர்களுக்கு,

வண்டூர்க்காரர்கள் வந்தார்கள். மெத்தையில் உட்கார்ந்து பார்த்தார்கள், ஒருவர் எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். எல்லாப் படகுக்கும் என்னிடமே வாங்கிக்கொள்கிறார்களாம்.

தனியாக இருக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து உங்களிடமிருந்து வந்த முதல் உண்மையான வரி அதுதான். ஜூலையிலேயே அதை எழுதியிருந்தால், ஃபோமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று அடுத்த கப்பலிலேயே ஏறியிருப்பேன்.

இப்போது வரமாட்டேன். அடுத்த வாரம் ஷெட்டுக்கு இரண்டு பெண்களை வேலைக்கு எடுக்கிறேன்.

மங்கையர்க்கரசி