சபர் என்று ஒரு சொல்

கம்பெனியில் கழுவிவிட்ட தரையில் வழுக்கி எனக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. என் வீட்டுக்காரர் புதுவாயல் நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரம் வாங்கிவந்து, முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துச் சூடாகப் பற்றுப் போட்டுவிட்டார். அந்தக் கசப்பு வாடை அறை முழுக்க ஏறியதும் நீ வந்துவிட்டாய். நீ மண்ணுக்குள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. வாடைக்கு அதெல்லாம் தெரியவில்லை.

"மூசாம்பரம்னு சொல்றியே, அதுவும் அரபிலேர்ந்து வந்ததுதான்டி. கத்தாழைப் பாலைக் காய்ச்சி எடுக்கறது. கத்தாழைக்கு அங்க சபிர்னு பேரு. நாங்க பொறுமைக்குச் சொல்ற சபரும் அதே வேருதான்" என்று ஒருமுறை என் கைக்குப் பற்றுப் போட்டபடியே சொன்னாய். "அப்ப பொறுமைன்னா கசக்கும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிக்கீது" என்றேன். சிரித்தாய். அப்போது உன் மகன் உன்னோடுதான் இருந்தான்.

லைன் வீட்டில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நாம். நான் சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். நீ மதரசாவில் படித்துவிட்டு, தெருப் பெண்பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஓதிக்கொடுத்தவள். பூண்டு உரிக்கும்போதுகூட உன் மடியில் அந்தத் தடித்த அரபி அகராதி இருக்கும். எனக்கு அதில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் நீ ஒரு சொல்லைப் பிடித்தால் கல்யாண வீடு மாதிரி அதன் அத்தை, மாமன், ஒன்றுவிட்ட தம்பி எல்லாரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் சோறு வடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் மகன் இங்கே வெல்டராக இருந்தான். காண்ட்ராக்டில் நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாத பிழைப்பு பிடிக்காமல் வளைகுடாவுக்குப் போனான். முதலில் தினமும் பேசினான். அப்புறம், வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டான் என்றான். அதன்பின் ஒரு காலையில் உன் வாட்ஸப்பில் ஒரே வரி வந்தது.

"அம்மா சபர்"

நீ சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டாய். "இன்னாடி அர்த்தம் இதுக்கு? நீ படி." அரபி படித்தவள் என்னைக் கேட்கிறாளே என்று சிரிப்பாக வந்தது. உன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். பொறுமையும் உங்கள் பேச்சில் சபர், பயணமும் சபர். "அரபில ரெண்டுக்கும் வேற வேற எழுத்துடி. ஒரு எழுத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். இந்தப் பாவி தமிழ்ல அடிச்சி வெச்சிருக்கான். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே ப" என்றாய். அம்மா, பொறுத்துக்கொள் என்கிறானா, அம்மா, கிளம்பிவிட்டேன் என்கிறானா?

உன்னால் பொறுமை என்று படிக்க முடியவில்லை. எந்தத் தாயால் முடியும்? "வண்டி ஏறிட்டான்டி, வந்துகினு இருக்கான்" என்று அவன் போர்வையைத் துவைத்துப் போட்டாய். அவனைக் கூட்டிவர ஏர்போர்ட்டுக்கு என் வீட்டுக்காரரின் ஆட்டோவிலேயே போவதென்று பேசிவைத்தோம். எந்த விமானம் என்று கேட்டு நீ அனுப்பியது ஒற்றை டிக்கில் நின்றது. அதற்குப் பிறகு அனுப்பிய எல்லாமே ஒற்றை டிக். ஏஜெண்டின் போன் அணைந்து கிடந்தது. கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனோம், விசாரிக்கிறோம் என்றார்கள். போர்வையை மடித்து வைத்தாய், எடுத்துத் திரும்பத் துவைத்தாய்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் உன்னிடம் அந்தச் சொல்லையே சொன்னார்கள். "சபர் செய்யுங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீ தலையை ஆட்டி டீ கொடுத்து அனுப்பிவிட்டு, என்னிடம் மட்டும் சொன்னாய்: "இவங்களுக்குத் தெரியாதுடி. பழைய அரபில கட்டிப் போடறதுக்கும் அதான் பேரு. ஒரு உசுரைக் கட்டிப் போட்டு, நகர வுடாம சாவடிக்கறாங்க பாரு, அதுக்கும் அதே வார்த்தைதான். நான் பொறுமையா இல்ல, என்னைக் கட்டிப் போட்டு வெச்சிருக்காங்க." நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில், மூச்சு வாங்கும்போதும் உனக்குச் சொல் தேவைப்பட்டது. உன் போனை என் கையில் திணித்தாய். "அதே வேர்ல சபீர்னு ஒன்னு கீது. பிணை நிக்கறவன்னு அர்த்தம். அவனுக்குப் பிணைன்னு சொன்ன ஏஜெண்டு ஓடிட்டான். நீ நில்லு."

"உன் புள்ள பேசினா நீயே பேசு. என்னை ஏன் பேஜாரு பண்ற" என்று எரிந்துவிழுந்தேன்.

"கோச்சிக்காத. போனை சார்ஜ்ல வெச்சிக்கினு இரு. அது போதும்."

உன்னை எடுத்துக்கொண்டு ஆண்கள் போனபின், பெண்கள் உன் தங்கையிடம் அதே சொல்லைச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எங்கள் சர்ச்சிலும் பொறுமையைத்தான் சொல்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு கட்டுக்கயிறு வைத்திருக்கிறார்கள்.

உன்னிடம் பொய் சொல்லப் பழக்கமில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவன் உயிரோடு இருக்கிறான் என்று தோன்றவில்லை, இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. உன் போனுக்கு ரீசார்ஜ் செய்கிறேன், சோற்று டப்பாவோடு ஷிப்டுக்கும் எடுத்துப்போகிறேன். அது அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எடுக்கிறேன். கடன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்கிறாள். ஒருநாள் அவன்தான் என்றால் முதல் வார்த்தை என்ன சொல்வது என்பதுதான் என் பயம். அந்த வார்த்தையை நீ எனக்குச் சொல்லித்தரவில்லை.

இன்று கால் நீட்டி உட்கார்ந்திருப்பதால் உன் போனை எடுத்து, அவனுக்கு எழுதிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "தம்பி, உங்க அம்மா" என்று அடித்தேன். மேலே விரல் போகவில்லை. அழித்தேன். மூசாம்பரம் காய்ந்து தோலை இறுக்கிக்கொண்டிருந்தது. மேலே தள்ளி அவனுடைய கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். அவன் எதை நினைத்து அடித்தானோ, இப்போது அதில் இருந்தது உன் சேதி.

அதையே காப்பி எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

"அம்மா சபர்"

உனக்குப் பயணம். அவனுக்குப் பொறுமை. எதை முதலில் படிப்பான் என்று தெரியாது. ஒற்றை டிக் விழுந்தது. போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.