பெர்லினின் இன்னொரு பாதி

ஜூலை 14, செவ்வாய்.

இன்று மூன்றாம் பீரியடில் பெர்லின் பாடம். இடைக்காலத்தில் அது ஒரே நகரம் இல்லை. ஸ்ப்ரீ ஆற்றில் எதிரெதிராக இரண்டு வணிக ஊர்கள். தீவில் இருந்த இன்னொரு ஊர்தான் பழைய ஏடுகளில் முதலில் வருகிறது. பெயரை மட்டும் பெர்லின் தட்டிக்கொண்டு போயிற்று. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மித்ரா நினைவுக்கு வருவார். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர்.

அந்த இன்னொரு ஊரின் பெயர் இன்று நினைவுக்கு வரவில்லை. இருபது வருடமாகக் குறிப்பில்லாமல் நடத்தும் பாடம். பலகையில் பெர்லின் என்று எழுதிவிட்டு சாக்பீஸோடு நின்றேன். வகுப்பை மேற்பார்வையிடக் கடைசி பெஞ்சில் மித்ரா உட்கார்ந்திருந்தார்.

"என்ன ராகவன்தா, என் நோட்ஸைத் தரட்டுமா?" என்றார் வங்காளத்தில், 'தா' என்று அண்ணன் முறை வைத்து. வகுப்பே சிரித்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி மெதுவாக, "கொல்ன், ஸார்" என்றாள்.

ராத்திரி சாப்பிடும்போது லலிதாவிடம் சொன்னேன். மித்ராவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, ஆறு மணிக்கு வந்ததும் இதையேதானே சொன்னீங்க? காபி ஆறுறது கூடத் தெரியாம கத்தினீங்களே."

"ஆமாமா, கோபம் அடங்கலை" என்று சமாளித்தேன்.

வகுப்பு முடிந்து பவானிபூரில் பஸ் ஏறியது நினைவிருக்கிறது. பெஹாலாவில் இறங்கி வீட்டுக்குள் வந்தது நினைவில்லை. காபியும் இல்லை.

அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசிவரை அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் லலிதா. பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். இன்னும் தூங்கவில்லை.