அப்பாவின் முக்காலி

அன்புள்ள கிசிட்டோ,

இங்கே மாடு மேய்க்கும் கரமோஜாக்காரர்கள் என்னை விரட்டிவிட்டதாக நம் ஊர் மசாகாவில் பேசிக்கொள்கிறார்களாமே. யாரும் விரட்டவில்லை. நீயும் பிள்ளைகளும் சுகமா? முழங்காலைத் தவிர எனக்குக் குறையில்லை.

பங்குச் சாமியார் சொன்னபடி, புது மாதா கோயிலுக்கு இடம் கேட்கப் பெரியவர்கள் கூடும் மரத்தடிக்குப் போனேன். கிழவர் லோமோங்கின் அருகே சிறிய முக்காலி ஒன்று இருந்தது. நம் ஊரில் ஆசனம் விருந்தாளிக்குத்தானே, உட்கார்ந்துவிட்டேன்.

"ஏம்மா, அது நான் தலை வச்சுத் தூங்குறது. என் தலைமேலயே ஏறி உக்காந்துட்டியே" என்றார். மொழிபெயர்க்க வந்த பெண்ணே முதலில் சிரித்தாள். மன்னிப்புக் கேட்டுத் தரைக்கு மாறினேன். அப்படி எழுந்ததுதான் ஊர்வாயில் விரட்டியதாக மாறியிருக்கிறது.

கோயில் கட்டலாமா என்று கேட்டேன்.

"தாராளமா கட்டுங்க. மழை நின்னா நாங்க மாட்டோட கிளம்பிடுவோம். உங்க சாமி கூட நடந்து வருவாரா, இல்ல பூட்டின வீட்டுல தனியா கிடப்பாரா?"

 கட்டடம் வேண்டாம், இவர்களோடு நடந்து ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் ஒருவர் போதும் என்று பங்குச் சாமியாருக்கு எழுதிவிட்டேன். செங்கல் இறக்கிவிட்டவர், கோபப்படுவார். ஆள் வரும்வரை நானே நடக்கிறேன்.

முழங்கால் தைலமும் உன் அப்பாவின் முக்காலியும் அனுப்பு. இங்கே பெண்கள் முக்காலி வைத்துக்கொள்வதில்லை. "செத்த புருஷனோடதுன்னா கொண்டா, யாரு கேக்கப்போறா?" என்று கிழவர் சொல்லிவிட்டார்.

என்னை அழைத்துப்போக வராதே. முக்காலியை அனுப்புகிறாயா இல்லையா என்று கடிதத்தில் பதில் எழுது.

அம்மா,
பெர்பெத்துவா