பத்து நாற்பதுக்கு வந்தவர்

தென்காசி,
8 ஜூலை, செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி வேல்ராஜுக்கு,

அக்கா சங்கரேஸ்வரி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அமெரிக்காவில் நீ சுகமாக இருக்க முப்பிடாதி அம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். உன் ஊரில் வேலை பார்க்கும் சிவசுப்பிரமணியன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை புறப்படுகிறான். அம்மா அவன் தலையில் இட்லிப் பொடியும் புளியங்குடி எலுமிச்சங்காய் ஊறுகாயும் கட்டியிருக்கிறாள். ஊறுகாய்ப் பாட்டிலைச் சுற்றிய துண்டுக்குள் இந்தக் கடிதம் இருக்கும். போனில் எழுத எனக்குப் பயம். நீ போகப்போகும் ஆபீஸில் போனை வாங்கிப் பார்ப்பார்கள் என்று நீயே சொன்னாய். என் போனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நான் போலீஸ்காரி.

இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது. குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னை மெயின் அருவியில் பெண்கள் பக்கம் போட்டார்கள். விசில் ஊதி ஊதி வாய் கோணிவிட்டது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த ஒரு மதுரைக்காரம்மா என்னையும் சேர்த்து அருவிக்குள் இழுத்துவிட்டாள். யூனிஃபார்மோடு குளித்துவிட்டு வந்தேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அம்மன் கோயில் ஆடிக் கொடைக்கு நீ வருவாய் என்றும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நீ இங்கே வந்தால் உன்னைத் திரும்ப அந்த நாட்டுக்குள் விடுவார்களா என்பது தெரியாது என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போரை நிறுத்து, ஆயுதம் அனுப்பாதே என்று காலேஜில் நீங்கள் நூறு பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தீர்கள். அதில் ஒரு பையனின் விசாவை ரத்து செய்துவிட்டார்கள். காரணம் கேட்டதற்கு, அந்த நாட்டு வெளியுறவுக் கொள்கைக்கு அவன் பாதகம் என்று ஒரே ஒரு வரிதான் பதில். இப்போது குடியேற்ற ஆபீஸிலிருந்து உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், 22ஆம் தேதி காலை. அந்த ஆபீஸிலிருந்து பேசிய அம்மா ரொம்ப மரியாதையாகப் பேசினாள், உன் பேரை எப்படிச் சொல்வது என்று கேட்டுச் சரியாகச் சொன்னாள், சும்மா ஒரு சரிபார்ப்பு, சீக்கிரம் முடிந்துவிடும் என்றாள் என்று சந்தோஷமாகச் சொன்னாய். வக்கீல் எதற்கு, தனியாகவே போய்விட்டு வருகிறேன் என்றாய். நான் பதறியதும், இது நம் ஊர் இல்லை அக்கா, இங்கே அதிபரே உத்தரவு போட்டாலும் நீதிபதி கேள்வி கேட்பார் என்றாய்.

கேட்பார். இங்கேயும் கேட்பார். ஆனால் அவர் கேட்கும்போது அவர் மேஜையில் இருப்பது என்னைப் போன்ற ஒரு ஸ்டேஷன் ரைட்டர் எழுதிய காகிதம்தான். அது எப்படி எழுதப்படுகிறது என்று உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன்.

ஸ்டேஷனில் பொது நாட்குறிப்பு என்று ஒன்று உண்டு. யார் வந்தார், யார் போனார், எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் ஏற வேண்டும். ஒருவரைப் பிடித்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அந்த இருபத்துநாலு மணி தொடங்குவது நான் எழுதும் நேரத்திலிருந்துதான். அதனால் பழைய ரைட்டர்கள் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, இடம் விட்டு எழுது என்பது. மேலதிகாரிகள் வாய்மொழியாகச் சொல்லி யாரையாவது உட்கார வைத்தால், நாலு வரியைக் காலியாக விட்டு அடுத்த பதிவை எழுதிவிட வேண்டும். நேரம் பிறகு மேலேயிருந்து வரும். வந்ததும் நிரப்ப வேண்டும். பதினோரு வருஷமாக நானும் இப்படி இடம் விட்டிருக்கிறேன். பெரும்பாலும் குடித்துவிட்டு ரகளை செய்தவர்கள், வரப்புத் தகராறில் அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள். சாயங்காலம் கோபம் ஆறியதும் அனுப்பிவிடுவோம். வழக்கு வாய்தா என்று அலையாமல் தப்பித்தார்கள், நல்லதுதானே செய்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் ஒரு வெளிநாட்டுத் தூதர் குடும்பத்தோடு குற்றாலத்துக்கு வந்து தங்கினார். கடையநல்லூரில் கைலிக் கடை வைத்திருக்கும் இத்ரீஸ், அவர் போகும் வழியில் போரை நிறுத்தச் சொல்லி ஒரு தட்டி பிடித்து நிற்கப்போவதாக முறைப்படி மனு எழுதி அனுமதி கேட்டார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றிருந்தால் பத்து நிமிஷத்தில் தட்டியைப் பிடுங்கிவிட்டு விரட்டியிருப்பார்கள். அனுமதி கேட்டதால் பேரும் விலாசமும் கையில் வந்துவிட்டது. இரண்டு நாட்டு உறவு சம்பந்தப்பட்ட காரியம், தூதர் கிளம்பும்வரை ஆளை உள்ளே வை என்று வாய் உத்தரவு வந்தது. எழுத்தில் எதுவும் இல்லை.

இத்ரீஸ் யார் என்று உனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த ஷமீம் பானுவின் வீட்டுக்காரர். பெருநாளுக்கு நீ அடித்துப் பிடித்துச் சாப்பிடுவாயே பிரியாணி, அது அந்த வீட்டிலிருந்து வருவதுதான். இன்ஸ்பெக்டருக்கும் அது தெரியும். நான் கூப்பிட்டால் வக்கீலோடு வருவான், நீ கூப்பிடு என்று போனை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். "அஞ்சு நிமிச வேலைதாண்ணே. மனுவுல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு, வந்து போட்டுட்டுப் போயிருங்க" என்றேன். என் குரல் எவ்வளவு மரியாதையாக இருந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வந்தார். தனியாக வந்தார். ஜூன் 17, செவ்வாய், காலை பத்து நாற்பது. கடையைப் பூட்டக்கூட இல்லை, சும்மா சாத்திவிட்டு வந்தேன் என்றார். போனை வாங்கி மேஜைக்குள் போட்டுவிட்டு அவரைப் பின் அறைக்குக் கூட்டிப் போனார்கள். நான் நாலு வரி இடம் விட்டு, காணாமல் போன பசுமாடு ஒன்றைப் பற்றிய புகாரை எழுதினேன்.

மூன்று மணிக்குப் பானு வந்தாள். கேட்டில் நின்றவர் அவளை உள்ளே விடவில்லை. நான் வெளியே போனேன். கடை திறந்து கிடக்கிறது, ஆளைக் காணவில்லை, போனும் போகவில்லை, இங்கே வந்தாரா என்று கேட்டாள். அவர் இருந்த அறைக்கும் அவளுக்கும் நடுவில் இருபது அடி கூட இருக்காது. அப்படி யாரும் வரவில்லையே என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீ சொன்னாச் சரிதான் ஏட்டி. வேற எங்கனயாவது போயிருப்பாக, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுச் சாரலில் நனைந்துகொண்டே போனாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவள் அந்தக் கேட்டை விட்டு நகர்ந்திருக்க மாட்டாள். நின்றிருந்தால் நாலு பேர் கூடியிருப்பார்கள், வக்கீல் வந்திருப்பார், அன்றைக்கே விட்டிருப்பார்கள். இதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது தம்பி.

தூதர் கிளம்பியது வியாழக்கிழமை மத்தியானம். இனி இத்ரீஸை அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினேன். அதற்குள் அவர் உடம்பில் அடி பட்டிருந்தது. இப்படியே அனுப்பினால் வெளியே போய்ச் சொல்லுவான் என்றார்கள். அன்று மாலை ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் சந்தேகப்படும்படி நின்றவரைப் பிடித்ததாக எழுதச் சொன்னார்கள். எழுதினேன். செவ்வாய்க்கிழமை விட்ட நாலு வரியில் ஜீப்புக்கு டீசல் போட்டுவந்ததை எழுதி நிரப்பினேன். இப்போது அவர் பாளையங்கோட்டை ஜெயிலில் இருக்கிறார். இடது கையைத் தூக்க முடியவில்லையாம்.

பானு மதுரை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டிருக்கிறாள். இந்த மாதம் 17ஆம் தேதி, நாட்குறிப்போடு ரைட்டரும் நேரில் வர வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. அதற்காக இன்ஸ்பெக்டர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். உன் தம்பி வெளிநாட்டில்தானே படிக்கிறான், அவன் பாஸ்போர்ட் விஷயமாக என்றைக்காவது நம்மிடம்தானே ரிப்போர்ட் கேட்பார்கள் என்று விசாரித்தார். மூன்று நாளாக நம் தெருமுனையில் இரண்டு பேர் பைக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஸ்டேஷன் ஆட்கள் இல்லை. நான் பார்த்தால் சிரிக்கிறார்கள். பாவம், எவ்வளவு நேரமாக இருக்கிறார்கள், காப்பி கொடுக்கட்டுமா என்று அம்மா கேட்கிறாள்.

நான் கோர்ட்டில் பத்து நாற்பது என்றுதான் சொல்லப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு வேலை இருக்குமா, எங்கே இருப்பேன் என்று தெரியவில்லை. என்னால் உனக்கும் கேடு வரலாம். அதற்கு இப்போதே உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம், பத்திரமாக வை. 17ஆம் தேதி கோர்ட்டில் நான் வேறு மாதிரி பேசிவிட்டதாகக் கேள்விப்பட்டால், இதைப் பானுவிடம் சேர்த்துவிடு. என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

இனி உன் காரியம். உன்னைக் கூப்பிட்ட அந்த அம்மா கெட்டவளாக இருக்க வேண்டியதில்லை. அவளுக்கும் வீட்டில் ஒரு தம்பி இருக்கலாம். கூப்பிடு என்று யாரோ போனை நீட்டியிருப்பார்கள், அவள் வாங்கியிருப்பாள். அவள் மரியாதையை நம்பிப் போகாதே. வக்கீல் இல்லாமல் அந்தப் படியில் கால் வைக்காதே. காலேஜ் புரொபசரையோ, உன் அறை நண்பனையோ, யாராவது ஒருவரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போ. நீ உள்ளே போன நேரத்தை அவர் உன் கண் முன்னால் எழுதிக்கொள்ளட்டும்.

நேரமாகியும் நீ வராவிட்டால் அவர் போய்க் கேட்பார். ஒரு அம்மா வெளியே வந்து, அப்படி யாரும் வரவில்லையே என்று நல்ல முகத்தோடு சொல்லுவாள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வை. மழையோ பனியோ, அந்தக் கேட்டிலேயே நிற்கச் சொல்.

அவர் பேரை மட்டும் எனக்குப் போனில் சொல், போதும். அம்மன் உனக்குத் துணை இருக்கட்டும்.

உன் அக்கா,
சங்கரேஸ்வரி