விட்டுப்போன இரண்டு நிமிடம்

கூடலூர், ஜூன் 3

எதிர்வீட்டுப் பாக்கியத்துக்கு என் வேலையை மறுபடி விளக்கினேன். கடலில் புதுத் துறைமுகத்துக்குத் தூண் அடிக்கிறார்கள். அந்த இடி, பக்கத்தில் இருக்கும் டால்பினின் காதைக் கெடுத்துவிடும். சத்தத்தை வைத்துத்தான் அது இரை தேடும்; காது போனால் இரை கிடைக்காது. தண்ணீருக்குள் போட்ட மைக்கின் சத்தம் நெட் வழியாக என் ஹெட்போனுக்கு வரும். அரை மணி நேரம் டால்பின் சத்தம் கேட்காவிட்டால்தான் தூண் அடிக்க நான் 'சரி' கொடுக்கலாம். "கடலுக்குக் காவல் இந்த மலையடிவாரத்துக் கூடலூர்லயிருந்தா?" என்று சிரித்தாள். நானே கடலை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன், வேளாங்கண்ணியில்.

காலையில் என் வீட்டுக்காரர் இமானுவேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்போடு வாசலில் நின்று ஹாரன் அடித்தார். தூக்குவாளியை மறந்துவிட்டாராம். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓடினேன். இரண்டு நிமிடம் இருக்கும். வந்து 'சரி' கொடுத்தேன்.

ஜூன் 4

பதிவை ஓட்டிப் பார்த்தேன். சரியாக அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு டால்பினின் விசில். எட்டு நிமிடம் கழித்து தூணில் முதல் அடி. என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

ஜூன் 5

விசில் இல்லை.

ஜூன் 7

இன்றும் இல்லை. எங்காவது தப்பிப் போயிருக்குமா? "அங்கன கடல்ல நடந்தது இங்கன யாருக்குடி தெரியப்போகுது?" என்கிறார் இமானுவேல். எனக்குத் தெரியுதே! ஹாரன் அடிச்சது யாரு? பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஜூன் 9

மேலாளர் சுரேஷ்கண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். "பதறாதீங்க மேடம். அந்த ரெண்டு நிமிஷத்தை வெட்டிட்டு ரிப்போர்ட் அனுப்புங்க" என்றார், முருங்கைக்காய் நறுக்கச் சொல்வதுபோல.

வெட்டினால் வேலை இருக்கும். வெட்டாவிட்டால்?

ஜூன் 10

வெட்டவில்லை. முழுப் பதிவையும் என் தப்பையும் எழுதி, திட்டத்தைக் கண்காணிக்கும் குழுவுக்கே அனுப்பிவிட்டேன். இமானுவேலிடம் சொன்னேன். "நான் ஹாரன் அடிச்சதையும் எழுதுனியா?" என்றார். எழுதியிருந்தேன்.

ஜூன் 13

தூண் வேலையை நிறுத்திவிட்டார்கள். என்னையும். ஹெட்போனைத் திருப்பி அனுப்பச் சொல்லி மெயில் வந்திருக்கிறது.

ஜூன் 24

வேலை மறுபடி தொடங்கியிருக்கிறது. என் இடத்தில் ஓவியா, தேவாரத்துப் பெண். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவளே நான்தான்.

காலை ஆறே கால். தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் போன். "அக்கா, விசில் மாதிரி ஏதோ கேக்குதுக்கா. தப்பா வேலையை நிறுத்திட்டா என்னையும் அனுப்பிருவாக."

ஹெட்போனைப் போனோடு ஒட்டி வைக்கச் சொன்னேன். ஒரே இரைச்சல். அப்புறம் — அன்று பதிவில் கேட்ட அதே விசில்தான். சந்தேகமே இல்லை.

"முதல்ல நிறுத்து புள்ள," என்றேன். "அப்புறமா பயந்துக்க."

நிறுத்திவிட்டாள். தோசை கருகிக்கொண்டிருந்தது. போனை வைக்க எனக்கு மனம் வரவில்லை.