சோற்றுப் பொட்டலமும் துவக்கும்

சரோஜினி,

நீர் கட்டிவைத்த சோற்றுப் பொட்டலத்தை மேசையிலேயே விட்டுப் போகிறேன். கோபத்தில் இல்லை. சிரம்பான் போகும் வழியில், நெகிரி மாநில எல்லைச் சோதனையில், லைசென்சைக் காட்டினால் சுடுகிற துவக்கைப் பொலிஸ்காரர் விடுவார்கள், சோற்றை விடமாட்டார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோகிறேன் என்று என்னையே பிடித்துவிடுவார்கள்.

துவக்கை வீட்டில் வைக்கச் சொல்லி நேற்றெல்லாம் அழுதீர். அது இங்கே இருந்தால் அதைத் தேடித்தான் அந்தக் காட்டுக்காரர்கள் வருவார்கள். அதனால்தான் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் பார்க்கத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறேன். நீர் தனியே இருப்பதும் அப்போது ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் இன்றிரவு நர்ஸ் திரேசா அக்கா வீட்டில் படுத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்த்துவிட்டு நாளை வந்துவிடுவேன்.

சோற்றை ஆறவிடாமல் நீர் சாப்பிடும்.

கனகலிங்கம்

பி.கு.: "போயிட்டு வாறன்" என்றேன். நீர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர். பஸ் வரும்வரை ரோட்டடியில்தான் நிற்பேன்.