ஒரு பெட்டி பீருக்கு வந்த கதவு

மார்ச் 9
வாங்கிவிட்டேன்! கங்காரு மோதி இடப்பக்கக் கதவு நசுங்கியதால் காப்பீட்டுக்காரர்கள் கைகழுவிய நீலக் கார். பழுதுபார்த்து அரசுப் பரிசோதனையில் தேறினால் மறுபதிவு உண்டு. தம்பி ரோட்னி விழுந்து விழுந்து சிரித்தான். "கங்காருவே வேண்டாம்னு எட்டி உதைச்ச காரைக் காசு குடுத்து வாங்கியிருக்கியே, அக்கா!"

சிரிக்கட்டும். ஜூலையில் அவன் சுரங்க வேலைக்குப் போய்விடுவான். பிறகு விடிகாலையில் என்னை மருத்துவமனைச் சமையலறையில் யார் கொண்டுபோய் விடுவது? கார் ஓடாவிட்டால் என் வேலை போச்சு.

மார்ச் 28
ரோட்னியின் வண்டியிலிருந்து நான் இறங்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரே பாட்டு: "கதவை மெதுவா சாத்துக்கா, பிச்சு எடுத்துடாத." எத்தனை நாள்தான் கேட்பது!

மே 2
பக்கத்துப் பண்ணை மெர்வ் கதவை மாட்டிக் கொடுத்தார். அவருடைய ஓடாத காரில் இருந்தது, அதே நீலம். காசு வேண்டாமாம், ஒரு பெட்டி பீர் போதுமாம். எங்கள் ஊரில் பாதிச் சாமான் பீருக்குத்தான் கைமாறும்.

மே 20
தேறவில்லை.

பரிசோதிக்கும் அம்மாள் கேட்டாள்: "இந்தக் கதவு ஏது? ரசீது எங்கே?" திருட்டுச் சாமான் இல்லையென்று காட்ட வேண்டுமாம். பீருக்கு எவன் ரசீது குடுப்பான்? எனக்கு ஏன் முன்னாடியே தோணல? டிரெய்லரில் ஏற்றிப்போன காரை டிரெய்லரிலேயே திரும்பக் கொண்டுவந்தோம். ரோட்னி வழியெல்லாம் விசிலடித்தான். வீட்டுக்கு வந்து அழுதேன். மெர்வோ எங்கள் ஜூன், ஜூலைக் குளிருக்குப் பயந்து கேரவன் வண்டியோடு வெயிலடிக்கும் வடக்கே போய்விட்டார்.

மே 23
போனில் மெர்வ்: "அழாத கிளெனிஸ். நான் எழுதி, சாட்சிக் கையெழுத்தோட அனுப்பறேன். நீ என் பழைய காரோட அடையாள எண்ணைப் படம் எடு. உள்ள கோழிங்க இருக்கும், பாத்து."

காரா அது? கோழிக்கூண்டு! எண்ணுக்குப் பக்கத்திலேயே அடைகாத்துக்கொண்டிருந்தவள் என் கையைக் கொத்திவிட்டாள். கொத்தட்டும், படம் கிடைத்தது.

ஜூன் 11
தேறிவிட்டது!!

மெர்வின் காகிதத்தை அந்த அம்மாள் சத்தமாகப் படித்தாள்: "கதவு ஒன்று. விலை, பீர் ஒரு பெட்டி. அதில் பாதியை அவளே குடித்துவிட்டாள்." சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள். பதிவும் முடிந்தது, புது எண் பலகை! வீடு வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டுமே!

ஜூலை 1
ரோட்னிக்கு இன்று சுரங்க வேலைக்குப் போகும் பேருந்து. உறைபனியில் அவன் வண்டி கிளம்பவில்லை. "அக்கா, என்னைக் கொஞ்சம் கொண்டுபோய் விடேன்." இடப்பக்கம் உட்கார்ந்து வந்தான்.

இறங்கும்போது சொன்னேன்: "கதவை மெதுவா சாத்துடா. ஒரு பெட்டி பீரு அது."